பல் உடைத்த கேசட்

பேருந்தில் ஏறியதும் எல்லோரும் ஜன்னலோரம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன்.

கோட்டைப்பட்டினத்தில் ஏறிய அந்த மத்தியானம், தலைக்கு மேல் வரிசையாக ஸ்பீக்கர் மாட்டிய வண்டியாகப் பார்த்து வந்து வாய்த்தது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கும். என் கையிலிருந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள், ஈரிழைத் துண்டில் சுற்றிய ஒரு பழைய கேசட் இருந்தது. காந்தம் கிட்டே போனால் கேசட்டில் இருப்பது அழிந்துவிடும் என்பார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றும் ஆகாது என்று நான் படித்தும் இருக்கிறேன். படித்தது மண்டையில் இருக்கிறது. பயம் வயிற்றில் அல்லவா இருக்கிறது.

"சார், முன்னாடி சீட்டு கெடக்கே, ஒக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"பரவால்லங்க, நிக்கிறேன்."

"புதுக்கோட்டை வரைக்குமா நிப்பீங்க?" அவர் கண் டிபன் பாக்ஸுக்குப் போனது. "மீனா? மூடி டைட்டா இருக்குல்ல? போன வாரம் ஒருத்தர் கொழம்பக் கொட்டி வண்டியே நாறிப்போச்சு."

"மீன் இல்லங்க."

"பெறகென்ன, புள்ளயத் தூக்குன மாதிரி புடிச்சிருக்கீங்க?"

ஓர் அம்மாவின் வீட்டுக்காரர் குரல் இதற்குள் இருக்கிறது என்றா சொல்ல முடியும்? "மருந்து" என்றேன். மருந்து என்று சொல்லிவிட்டால் நம் பக்கத்தில் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அவரும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். டிரைவர் பாட்டைப் போட்டார். நான் டிபன் பாக்ஸை இடுப்புக்குக் கீழே இறக்கிக்கொண்டேன்.

இருமல்காரர்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு ஊர் கீரனூர். தினமும் பஸ் பிடித்துத் திருச்சி போய், ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் காதுச் சோதனை எடுக்கிறேன். கண்ணாடி வைத்த சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்துவேன். வெளியே நின்று பொத்தான்களை அழுத்துவேன். அவர்கள் கை தூக்குவதை வைத்துக் கோடு போடுவேன்.

அது வேலை. பைத்தியம் வேறு.

கல்லூரி நாட்களில் என்னைப் பிடித்த ஓர் ஆங்கில ராக் இசைக்குழு இன்னும் விடவில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆசிரியர் வக்கீலைக் கூப்பிடுவார். அவர்கள் முறையாக வெளியிட்ட இசைத்தட்டுகள் மேல் எனக்கு மோகம் இல்லை, அவை கடையிலேயே கிடைக்கும். ஊர் ஊராக அவர்கள் மேடையேறியபோது, கூட்டத்தில் யாரோ ஒருவர் சட்டைக்குள் சின்ன ரிக்கார்டரை ஒளித்துவைத்துக் களவாகப் பதிந்திருப்பார் பாருங்கள், அவைதான் எனக்கு வேண்டும். உலகத்தில் அங்கங்கே என்னைப்போல் ஆட்கள் இருக்கிறார்கள். முகம் தெரியாமலே பிரதி எடுத்து மாற்றிக்கொள்வோம். விற்பது பாவம். வெட்டி ஒட்டுவது அதைவிடப் பாவம்.

ஒரு பதிவில் மைக்குக்குப் பக்கத்தில் ஒருவர் இருமிக்கொண்டே இருப்பார். கிதார் உச்சிக்கு ஏறும் நேரம் பார்த்து இருமுவார். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போது அந்தப் பாட்டை இருமல் இல்லாமல் எங்காவது கேட்டால் சப்பென்று இருக்கிறது. அந்த மனிதர் நெஞ்சை யாரிடமாவது காட்டினாரா, குணமாயிற்றா என்றெல்லாம் கவலைப்பட்டிருக்கிறேன்.

"கட்டுன பொண்டாட்டி இருமுனா ஃபேனக் கொறைக்க எந்திரிக்கிறதில்ல. எவனோ வெள்ளக்காரன் இருமலுக்கு ஒறக்கம் கெடுறீங்க" என்பாள் என் மனைவி கலா. கேசட்டுகள் இருக்கும் அறையில் நான் ஏசி போட்டபோதும் அவள் அதிகம் பேசவில்லை. "கேசட்டுக்கு ஏசி, எனக்குக் காத்தாடி. நடத்துங்க" என்றாள். அவ்வளவுதான்.

டீ ஆறிய கதை

அந்தக் குழு கிழக்கே ஒரு சுற்று வந்தது. சிங்கப்பூர்க் கச்சேரியின் பதிவு மட்டும் எங்கள் கூட்டத்தில் யாரிடமும் இல்லை. அன்றுதான் அவர்கள் மிக நீளமான பாட்டு ஒன்றை, முதலும் கடைசியுமாக, முழுசாக மேடையில் வாசித்தார்கள் என்று ஒரு பேச்சு. நார்வேயில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பல காலமாக அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். நானும் தேடினேன். எங்கெங்கோ எழுதிக் கேட்டேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் டீ குடிக்கும்போது, எங்கள் நர்ஸ் ஜரீனாவிடம் இந்தப் புலம்பலை எடுத்துவிட்டேன். ஜரீனாவுக்குச் சொந்த ஊர் கோட்டைப்பட்டினம்.

"எங்க அத்தா சிங்கப்பூர்ல ஸ்டேடியத்துல லைட்டு வேலைதான் சார் பாத்தாக" என்றார் அவர், பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே. "ஒருவாட்டி வெள்ளக்காரன் கச்சேரியக் கேசட்டுல புடிச்சு அனுப்பிருக்காக. அம்மா இன்னக்கும் சொல்லிச் சிரிக்கும்."

என் கையில் டீ ஆறிப்போனது.

அப்போதெல்லாம் வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன சபுராளிகள் வீட்டுக்குக் கடிதத்தோடு கேசட்டும் அனுப்புவார்கள். ஊருக்கு வருகிறவர் பெட்டியில் வரும். அதில் மனிதர் பேசியிருப்பார். வீட்டில் உள்ளவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டுவிட்டு, பெரும்பாலும் அதே கேசட்டில் பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அப்படிப் போய் வந்த கேசட்டுகள் ஜரீனா வீட்டு அலமாரியில் நிறைய இருந்தனவாம். ஒரு புயலில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி எல்லாம் போயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் தப்பியது. அது அலமாரியில் இல்லாமல் அத்தாவின் சொந்தப் பெட்டியில், அவர் சட்டைகளுக்கு நடுவே இருந்தது. கச்சேரி கேசட் அதுதான்.

"அத்தா மவுத்தாயி ரொம்ப வருசமாச்சு சார். செல்லுல கொரல எடுத்து வச்சுக்கிற காலமா அது? இருக்கிறது இது ஒண்ணுதான். இதுவும் சுத்த மாட்டேங்குது. அம்மாவுக்கு வேற காது..." என்று நிறுத்தினார்.

அம்மாவின் காதைப் பற்றி எனக்கே தெரியும். அவருக்குச் சோதனை எடுத்தவன் நான்தான். ஒவ்வொரு முறையும் கோடு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். மெஷின் வைத்தாலும் பேச்சு புரிவது குறைந்துகொண்டே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆயிஷாம்மாவின் நிபந்தனை

அப்படித்தான் கோட்டைப்பட்டினம் போனேன். ஆயிஷாம்மா கேசட்டை ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். அவிழ்த்துக் கொடுத்தபோது நான் முதலில் பார்த்தது அதன் முதுகை.

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாகப் பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். பக்கத்துக்கு ஒன்று. அதை உடைத்துவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் எதையும் பதிய முடியாது, ரிக்கார்டு பட்டனே கீழே இறங்காது. நல்ல கச்சேரி ஒன்று கிடைத்தால் பல்லை உடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். இந்தக் கேசட்டில் ஒரு பக்கத்துப் பல் மட்டும் ஒழுங்காக, கத்தி வைத்து நெம்பியதுபோல உடைக்கப்பட்டிருந்தது.

"பல்லு இருக்கிற பக்கத்துல தம்பிப்பய ரேடியோப் பாட்டப் புடிச்சு அழிச்சிட்டான் சார்" என்றார் கூட வந்திருந்த ஜரீனா. "இந்தப் பக்கமும் புடிக்கப் பாத்தானாம். பட்டன் எறங்கலயாம்."

எனக்கு அந்த மனிதர் மேல் பாசமே வந்துவிட்டது. பார்த்தீர்களா, அவரும் நம் கட்சி. கச்சேரியைக் காப்பாற்றப் பல்லை உடைத்திருக்கிறார்.

ஆயிஷாம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தனக்குக் கேட்காததால் நமக்கும் கேட்காது என்பதுபோலச் சத்தமாகப் பேசினார்.

"இதுல அவுக கொரல் இருக்கு தம்பி. என்ன சொன்னாகன்னு மறந்துபோச்சு. என் பேரச் சொல்றத ஒருக்காக் கேட்டுட்டாப் போதும். காது முழுசா அடைக்கிறதுக்குள்ள."

"கேக்க வச்சிரலாம்மா" என்றேன். வாக்குக் கொடுக்கிற இடத்தில் எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

"ஒண்ணு. நீங்க மொதல்ல போட்டுக் கேக்கக் கூடாது. அது புருசன் பொண்டாட்டிக்குப் பேசுனது. நான் கேட்டதுக்குப் பெறகு ஒங்க பாட்ட நீங்க எடுத்துக்கங்க."

தலையை ஆட்டிவிட்டேன். பஸ்ஸில் நிற்கும்போதுதான் விஷயம் உறைத்தது. பழுது பார்த்த கேசட் ஓடுகிறதா, அதில் குரல் மிஞ்சியிருக்கிறதா என்று போட்டுப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? அந்த அம்மாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, வெறும் இரைச்சலைக் கேட்டால்?

கலா டார்ச் பிடித்தாள்

கடல் காற்று கேசட்டுக்கு ஆகாது. டேப் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. டேப்பை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டும் பசை காய்ந்து உள்ளே எங்கோ விழுந்து கிடந்தது.

கந்தர்வக்கோட்டையில் முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். "பருப்பு காய வைக்கிற சூட்டு ரூம்ல ஒரு நாள் வச்சா ஈரமெல்லாம் ஓடிரும், கொண்டாங்க" என்றார். எங்கள் ஆட்களில் சிலர் பழைய டேப்பைச் சூட்டில் வைத்து எடுப்பது உண்டுதான். நம்பிப் போனேன். கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினேன். நீட்டிய கையை எடுத்துக்கொண்டு, அவர் கொடுத்த பருப்புப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, கேசட்டோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நார்வே வாத்தியார் தினமும் மெயில் போட்டார். வந்ததா? சுற்றியதா? கேட்டாயா? பெண் கேட்டு வந்த வீட்டார்கூட அப்படி நச்சரித்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் ஏசி அறையில் வைத்து, பென்சிலை ஓட்டையில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கையாலேயே சுற்றினேன். ஆஸ்பத்திரி போகும் முன் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம். ஒட்டியது பிரியும்போது 'சிர்ர்' என்று ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு தடவையும் என் உயிர் போய் வந்தது. டேப் பிய்ந்தால் எந்த இடத்தில் பிய்யும்? அந்த அம்மாள் பெயரைச் சொல்கிற இடமாகப் பார்த்துப் பிய்ந்தால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கூட்டைக் கழற்றி, டேப்பைப் புதுக் கூட்டுக்கு மாற்றினேன். கலா சொல்லாமலே கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து டார்ச் பிடித்தாள்.

"மூச்ச விடுங்க மொதல்ல" என்றாள். பிறகு, "அங்கிட்டுப் பாருங்க, நாடா திருகிருக்கு" என்றாள். அவள் பார்க்கவில்லையென்றால் அப்படியே மூடியிருப்பேன். கடைசித் திருகாணியை முடுக்கியதும் அவளே கேட்டாள்: "போட்டுப் பாக்கலையா?"

"பாக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

கேசட் போடும் டெக் பக்கத்திலேயே இருந்தது. கை துறுதுறுத்தது. கலா எழுந்து டெக்கின் பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தாள். பழைய கூட்டை நான் டிபன் பாக்ஸிலேயே போட்டு வைத்தேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

காதுச் சோதனை இயந்திரத்தின் முதுகில், டேப் ரிக்கார்டர் சொருக ஒரு துளை உண்டு. நான் அதில் எதையும் சொருகிப் பல வருடம் ஆகிறது. டாக்டரிடம் கேட்டு, வெளிநோயாளிகள் எல்லாம் போன பிறகு ஒரு மத்தியானம் ஏற்பாடு. வீட்டிலிருந்து கொண்டுபோன டெக்கிலிருந்து ஒரு ஒயர், இயந்திரம் வழியாக ஆயிஷாம்மாவின் ஹெட்போனுக்கு. இன்னொன்று லேப்டாப்புக்கு, பதிந்துகொள்ள. எனக்கும் ஜரீனாவுக்கும் ஒன்றும் கேட்காது. என் முன்னால் சத்தத்தின் அளவு காட்டும் முள் மட்டும் இருந்தது.

"கேட்டாக் கையத் தூக்குங்கம்மா" என்று வழக்கம்போலச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். பட்டனை அழுத்தினேன்.

முள் அசையவில்லை. அசையவே இல்லை. எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

பிறகு லேசாகத் துடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆயிஷாம்மாவின் கை சடாரென்று மேலே போனது. ஜரீனா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

கை இறங்குவதற்குள் முள் சிவப்புக்குப் பாய்ந்தது. ஆயிஷாம்மா முகத்தைச் சுளித்தார். நான் சத்தத்தைக் குறைத்தேன். கச்சேரி! இத்தனை காலம் தேடிய கச்சேரியை நான் ஒரு முள்ளின் ஆட்டமாக மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். சில நிமிடம்தான். முள் பொத்தென்று விழுந்தது. அப்புறம் மறுபடி லேசாகத் துடிக்க ஆரம்பித்தது.

இந்தத் தடவை கை உயரவில்லை.

"என்ன சார், அறுந்துபோச்சா?" என்றார் ஜரீனா.

டெக்கைப் பார்த்தேன். டேப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே ஆயிஷாம்மா முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கதவுக்கு ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

முள் இன்னொரு முறை சிவப்புக்குத் தாவி, நின்றது. அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்.

"அது அவுக இல்ல தம்பி" என்றார். "நாந்தான்."

லேப்டாப்பைக் காட்டி, இப்போது நாங்கள் கேட்கலாமா என்று சைகையால் கேட்டேன். தலையசைத்தார்.

முதலில் ஓர் இளைஞரின் குரல், கூட்டத்து இரைச்சலுக்கு மேல் கத்திக்கொண்டு: "ஆயிஷா! நான் மேல லைட்டுகிட்ட நிக்கிறேன். இங்க ஒரே சனம். சத்தம் கேக்குதா? கேளு."

அவ்வளவுதான். அப்புறம் கச்சேரி. ஒரு பாட்டின் வால், கைதட்டல், அடுத்த பாட்டின் முதல் கிதார். எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நீளப் பாட்டேதான். மயிர்க்கூச்செறிந்து நிற்கும்போது 'டக்' என்றது.

"இந்தா பாருங்க" என்றது ஒரு பெண் குரல். சின்ன வயசுக் குரல், நல்ல கோபம். "ஒங்க கொரலக் கேக்கலாம்னு புள்ளய ஒறங்க வச்சிட்டு ஒக்காந்தா, என்ன எரைச்சலப் புடிச்சு அனுப்பிருக்கீங்க? காதே வலிக்கிது. வேற கேசட்டு இல்ல, இதுலயே பேசுறேன். ஜரீனா தவழ ஆரம்பிச்சிட்டா. கூரைய மாத்தியாச்சு..." இப்படியே வீட்டுக் கதை, ஊர்க் கதை, கோபமும் செல்லமுமாகப் போனது. கடைசியில் குரல் இறங்கியது. "அடுத்த தடவ பாட்டுக் கீட்டு வேணாம். ஒண்ணும் பேசத் தோணாட்டியும் என் பேர மட்டுமாச்சும் சொல்லுங்க. வைக்கிறேன்."

'டக்.' உடனே ஒரு ஸ்டேடியம் முழுக்க எழுந்து நின்று கைதட்டும் ஓசை. நீளப் பாட்டு முடிந்த கைதட்டல். பாட்டு இருந்த இடமெல்லாம் அந்த அம்மாள் பேசித் தீர்த்திருந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லிப் பெரிய மனிதனாக வேண்டியதில்லை, எரிந்தது. டெக்கிலிருந்து கேசட்டை எடுத்து, டிபன் பாக்ஸிலிருந்த பழைய கூட்டையும் சேர்த்து அவர் கையில் வைத்தேன். அவர் பழைய கூட்டைத் தடவிப் பார்த்தார். விரல் அந்தப் பல் இருந்த பள்ளத்தில் நின்றது.

"இது ஏன் இங்க மட்டும் ஒடஞ்சிருக்கு?"

"அதுவா உடையலம்மா. பதிஞ்சத யாரும் அழிச்சிரக் கூடாதுன்னு உடைக்கிறது" என்று அவர் காதருகே சத்தமாகச் சொன்னேன். "உடைச்சிட்டா அதுக்கு மேல யாரும் பேச..."

சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அனுப்பும்போதே அவர் பல்லை உடைத்திருந்தால், இந்த அம்மாவால் அதன்மேல் பேசியிருக்கவே முடியாது.

ஜரீனாதான் சொல்லி முடித்தார். "அம்மா... நீ பேசி அனுப்புனதக் கேட்டதுக்கு அப்புறந்தான் அத்தா ஒடச்சிருக்காக."

ஆயிஷாம்மா அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "திட்டுனதையா பூட்டி வச்சிருக்காக" என்றார். "கிறுக்கு மனுசன்."

நார்வேக்கு என்ன எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் எழுந்து, தானே கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்து, ஹெட்போனைத் தலைத்துணிக்கு மேல் மாட்டிக்கொண்டார்.

"இன்னொருக்காப் போடுங்க தம்பி. அந்தக் கைதட்டு வர்ற வரைக்கும்."

கதவைச் சாத்திவிட்டு வந்து, டெக்கிலிருந்த ஒயரை லேப்டாப்புக்கு மாற்றி உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கை உயர்ந்திருந்தது. நான் இன்னும் பொத்தானை அழுத்தவே இல்லை.